ஜப்பானிய மொழியில் ‘பெராபெரா’ ஆவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

யாராவது ஜப்பானிய மொழியைத் தடையில்லாமல் பேசினால் ஜப்பானியர்கள் அவரை ‘பெராபெரா’ என்பார்கள். நம் ஊரில் ‘பொளந்து கட்டுறான்’ என்கிற மாதிரி. அதே சொல்லை மெல்லிசான தாளுக்கும், மலிவான லேசான துணிக்கும் சொல்வார்கள். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. தெரிந்தபோது சுருக்கென்றும் இருந்தது, ஏனென்றால் அந்தச் சமயத்தில் என் ஜப்பானிய மொழி இரண்டாவது பொருளில்தான் பெராபெராவாக இருந்தது.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் மேலிருந்து இரண்டாவது நிலையான என்2 பாஸ் ஆகி மூன்று மாதம். கடைவாய்ப் பல்லில் வலி. பல் மருத்துவர் முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து “ஸுகிஸுகி ஷிமாஸ் கா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ‘ஸுகி’க்கு ‘பிடிக்கும்’ என்று அர்த்தம். பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் பிடிக்குமா பிடிக்குமா என்று ஏன் கேட்கிறார் என்று முழித்தேன். பக்கத்திலிருந்த நர்ஸ் கையை மூடி மூடித் திறந்து காட்டினார். அப்போதுதான் புரிந்தது, வலி ‘விண் விண்’ என்று தெறிக்கிறதா என்று கேட்கிறார். அது வேறு ஒலி, வண்டு ரீங்காரம் மாதிரி அதிரும் ‘ஸ’, தமிழ் எழுத்தில் எழுதவே முடியாது. செய்தித்தாளில் பொருளாதாரக் கட்டுரை படிக்கத் தெரிந்த எனக்கு என் பல் எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன். சரளம் என்பது ஒருநாள் மொத்தமாக வந்து இறங்கும் சரக்கு கிடையாது, இடம் இடமாக வரும். கொன்பினியில், அதாவது அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணி நேரக் கடையில், முதலில் வரும், ஆபீஸில் கொஞ்சம் வரும், மருத்துவமனையில் சுத்தமாக இருக்காது, நான்கு பேர் சேர்ந்து குடிக்கப் போகும் மேஜையில் இருந்த கொஞ்சமும் காணாமல் போகும். அதனால் ‘ஜப்பானிய மொழியில் சரளமாக எத்தனை வருஷம் ஆகும்’ என்று கேட்பதைவிட ‘எந்த இடத்தில் சரளமாக’ என்று கேட்டால் வழி பிறக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுங்கள், தேர்வை இல்லை

ஒரு தாளை எடுத்து, இந்த மொழியை வைத்து நீங்கள் செய்ய வேண்டிய ஐந்து காரியங்களை எழுதுங்கள். ‘நன்றாகப் பேச வேண்டும்’ என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுங்கள். ‘வாராந்திர மீட்டிங்கில் என் வேலை எங்கே நிற்கிறது என்று இரண்டு நிமிஷம் சொல்ல வேண்டும்’, ‘வார்டு அலுவலகத்தில் முகவரி மாற்ற வேண்டும்’, ‘குழந்தையின் ஆசிரியை எழுதி அனுப்பும் குறிப்பைப் படிக்க வேண்டும்’ என்ற அளவுக்கு இறங்கி எழுதுங்கள். இந்த ஐந்தும்தான் உங்கள் பாடத்திட்டம். ஒன்று முடிந்ததும் அதை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் எழுதிய அந்தத் திறன் தேர்வு, ஜேஎல்பிடி, 1984-லிருந்து நடக்கிறது, 2010-லிருந்து என்5 தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகள், ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலும் எழுதலாம். வேலைக்கு, விசாவுக்கு, படிப்புக்கு அந்தச் சான்றிதழ் உதவும், எழுதுங்கள். ஆனால் அதில் பேச்சுத் தேர்வே கிடையாது, ஒரு வரிகூடச் சொந்தமாக எழுத வேண்டியதும் இல்லை, எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான். என்1-க்கு 180-க்கு 100 எடுத்தால் பாஸ், மூன்று பகுதியிலும் தலா 19 எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாயே திறக்காமல் என்1 வாங்கிவிடலாம். வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆட்களுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்க ஒதுக்குவது 88 வாரம், 2,200 வகுப்பு மணி. தினம் ஒரு மணி நேரம் என்று போட்டால் ஆறு வருஷம். அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கான கணக்கு. நமக்கு ஒரு பக்கம் குறையும், இன்னொரு பக்கம் குறையாது. எங்கே குறையும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

எழுத்து, அப்புறம் காது

ஜப்பானிய மொழியில் ஒலியை எழுத இரண்டு எழுத்து வரிசைகள்: ஹிராகானா 46, கதகானா 46. இரண்டு வாரம் போதும், மூன்றாவது வாரம் இழுத்தால் சோம்பல் என்று அர்த்தம். அவர்கள் எழுத்து வரிசையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அ இ உ எ ஒ, அப்புறம் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் க ச த ந ப ம ய ர வ-தான், ‘ஹ’ இருக்கும் இடத்தில் பழைய காலத்தில் ‘ப’ ஒலி இருந்தது. இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போன சித்தம் எழுத்தைப் புத்த பிக்குகள் படித்ததால் அங்கே போய் உட்கார்ந்த வரிசை இது. ஜப்பானிய அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நம் கை தானாகப் பக்கத்தைப் புரட்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான விதி. நோட்டில் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். நானே இங்கே தமிழ் எழுத்தில்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள், உங்களுக்கு இன்னும் ஹிராகானா தெரியாது என்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாவிக்கும், தக்காளி மாதிரி இருக்கும் ஓர் ஆரஞ்சு நிறப் பழத்துக்கும் தமிழில் எழுதினால் ஒரே ‘ககி’. அங்கே ஒன்றில் நடுவில் வருவது கல்லில் வரும் ‘க’, இன்னொன்றில் பங்கில் வரும் ‘க’. நாம் சொல்லுக்கு நடுவில் வரும் ‘க’வையும் ‘த’வையும் தானாகவே மெலிதாக்கிவிடுவோம், பகல், பாதி என்று. ‘வகரிமஷ்தா’, அதாவது ‘புரிந்தது’ என்று சொல்லும்போதும் அப்படியே மெலித்துவிடுவோம், கேட்பவருக்கு நெருடும். ஒரு மாதம் இதை மட்டும் கவனித்தால் சரியாகிவிடும், முதலில் கவனிக்காவிட்டால் பத்து வருஷம் ஆனாலும் போகாது.

நமக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. குறில் நெடில் நம் ரத்தத்தில் இருக்கிறது. ‘ஒபஸன்’ என்பதில் ‘ப’ குறிலாக இருந்தால் அத்தை, நெடிலாக இருந்தால் பாட்டி. ஐரோப்பியர்கள் பலர் இங்கே தடுக்கி விழுவார்கள், நாம் விழ மாட்டோம். ‘கிதே’ என்றால் ‘வந்து’, ‘கித்தே’ என்றால் தபால்தலை, இதுவும் நமக்குச் சுலபம். ஆனால் ஒரு வித்தியாசம், நம் கணக்கில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்கள் கணக்கில் அந்த ‘த்’துக்கும், சொல் முடிவில் வரும் ‘ன்’னுக்கும் முழு மாத்திரை உண்டு. ‘நிப்பொன்’ என்பது நி-ப்-பொ-ன் என்று நான்கு தட்டு. மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். மருத்துவமனைக்கு நான்கு தட்டு ‘ப்யோஇன்’, அழகு நிலையத்துக்கு ஐந்து தட்டு ‘பியோஇன்’, டாக்ஸியில் ஏறித் தப்பாகச் சொன்னால் முடிவெட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

‘ஹஷி’ என்பதை மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் சாப்பிடும் குச்சி, கீழிருந்து ஏற்றினால் பாலம் என்ற சுருதி விவகாரமும் உண்டு. டோக்கியோவில் ஒரு மாதிரி, ஓசாகா பக்கம் வேறு மாதிரி. முதல் வருஷத்தில் அதற்காக உட்கார்ந்து மனப்பாடம் பண்ண வேண்டாம், அப்படி ஒன்று இருக்கிறது என்று காது திறந்திருந்தால் போதும்.

இலக்கணத்தைத் தமிழில் யோசியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடநூல் வைத்துத்தான் படிக்கிறோம். தமிழில் யோசித்து, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்தைத் தலைகீழாகத் திருப்பி ஜப்பானிய வாக்கியம் ஆக்குகிறோம். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற வேலை இது.

வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்கிற பெயரெச்சம் சொல் வரிசை மாறாமல் அப்படியே ‘கினோ கத்தா ஹொன்’. ‘போகிறேன் என்று சொன்னான்’ என்பதில் வரும் ‘என்று’ அங்கே ‘தொ’: ‘இகு தொ இத்தா’. யார் ‘தரே’, யாரோ ‘தரேகா’, யாரும் இல்லை என்பதில் வரும் யாரும் ‘தரேமோ’. நம் ‘ஓ’வும் ‘உம்’மும் செய்யும் வேலையை அங்கே ‘கா’வும் ‘மோ’வும் செய்கின்றன. இது, அது, எது மட்டும் தெரிந்தவர்களுக்கு ‘கொரே, ஸொரே, அரே, தொரே’ என்று நான்கு இருப்பது குழப்பமாக இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் குழப்பமே இருக்காது, அவர்கள் பேச்சில் ‘உது’ இன்னும் உயிரோடு இருக்கிறது, கேட்பவர் பக்கத்தில் இருப்பது. அதுதான் ‘ஸொரே’.

இன்னும் நெருக்கமாகப் பார்ப்போம். ‘மிரு’ என்றால் பார். ‘தபேதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார், அதாவது முயன்று பார். ‘ஒகு’ என்றால் வை. ‘கத்தே ஒகு’ என்றால் வாங்கி வை, அதாவது பின்னால் தேவைப்படும் என்று இப்போதே வாங்கி வைப்பது. ‘தபேதே ஷிமத்தா’ என்றால் சாப்பிட்டுவிட்டேன், ஐயோ சாப்பிட்டுவிட்டேனே என்ற வருத்தத்தோடு சேர்த்து. ‘தபேதே இரு’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அங்கேயும் உயிருள்ளவை இருப்பதற்கு ‘இரு’தான். ‘கெக்கொன் ஷிதே இரு’ என்பதை ஆங்கிலம் வழியாகப் படித்த என் வகுப்புத் தோழர் ஒருவர் ‘இப்போது தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று புரிந்துகொண்டு ஒரு வாரம் குழம்பினார். ‘கல்யாணம் ஆகியிருக்கு’ என்று தமிழில் நினைத்திருந்தால் ஒரு நொடி வேலை.

கொடுக்கல் வாங்கலுக்கு வாருங்கள். எல்லா வெளிநாட்டவரும் அழுகிற இடம். யாரோ எனக்குத் தந்தால் ‘குரேரு’, நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகேரு’. தொல்காப்பியத்தில் இருக்கிறது இது: தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’. இன்றைய பேச்சில் நாம் கலந்துவிட்டோம், ஆனாலும் ‘எனக்குத் தா, அவனுக்குக் கொடு’ என்று சொல்லிப் பார்த்தால் காதுக்குச் சரியாகப் படுகிறது இல்லையா, அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிப்பவனுக்கு லாபம் லாபம்தான்.

செய்முறை இது. ஒவ்வொரு இலக்கண வடிவத்துக்கும் நோட்டில் ஆங்கில விளக்கத்தை எழுதாமல் ஒரே ஒரு தமிழ் வாக்கியம் எழுதுங்கள், அதுவும் நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழ். ‘வாங்கி வெச்சிட்டேன்’ என்று எழுதினால் ‘வை’யும் ‘விடு’வும் எப்படி அடுக்கி வருகின்றன என்று கண்ணுக்கே தெரியும்.

கன்ஜி

சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள் இவை. தமிழில் ‘கஞ்சி’ என்று எழுதுவார்கள், அது பசியைத்தான் கிளப்பும், நான் கன்ஜி என்றே எழுதுகிறேன். இங்கே நமக்கு எந்தச் சலுகையும் இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள். தொடக்கப் பள்ளி ஆறு வருஷத்தில் 1,026. ஜப்பானியக் குழந்தைக்கே அவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நினைவில் வைத்து, ‘90 நாளில் 2,000 கன்ஜி’ என்று யாராவது விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

ஒற்றை எழுத்தாகப் படிக்காமல் சொல்லாகப் படியுங்கள். பிறப்பு, உயிர், பச்சை என்றெல்லாம் பொருள் தரும் ஓர் எழுத்து, ஆசிரியர் என்ற ‘ஸென்ஸெய்’யில் ‘ஸெய்’, பிறந்தநாள் என்ற ‘தன்ஜோபி’யில் ‘ஜோ’, பீப்பாயிலிருந்து நேராக ஊற்றும் ‘நமா பீரு’வில் ‘நமா’. அதற்கு இன்னும் பல வாசிப்புகள் உண்டு. அத்தனையையும் பட்டியல் போட்டு நெட்டுரு போட்டால் தலைவலிதான் மிச்சம். சொல் தெரிந்தால் வாசிப்பு தானாக வரும். மின்சாரத்துக்கான ‘தென்’ ஒன்றைப் பிடித்தால் தென்ஷா மின்ரயில், தென்வா தொலைபேசி, தெய்தென் மின்தடை, ஹத்ஸுதென் மின் உற்பத்தி. நாம் மின்விசிறி, மின்னஞ்சல், மின்தூக்கி என்று அடுக்குகிற அதே வித்தை.

தினம் ஐந்து புதிய சொல், ஏற்கெனவே படித்ததில் மறக்கப்போவதை மறுபடி காட்டும் ஆங்கி போன்ற செயலியில் 20 நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். ஆங்கி என்ற பெயரே ‘மனப்பாடம்’ என்ற ஜப்பானியச் சொல்தான், ஆனால் மனப்பாடமே மொழி என்று நினைத்து இரண்டாயிரம் அட்டைகளைச் சேர்த்துவிட்டு ஒரு பக்கம்கூடப் படிக்காமல் இருப்பவர்கள் நிறைய. அட்டை 20 நிமிஷம் என்றால் படிப்பு 40 நிமிஷம். தொடக்கத்தில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே எளிய மொழியில் எழுதித் தரும் செய்தி நல்லது, கன்ஜியின் தலையில் ஃபுரிகானா, அதாவது வாசிப்பு, குட்டி எழுத்தில் இருக்கும். கையால் எழுதும் பயிற்சிக்கு உங்கள் முகவரி போதும், விண்ணப்பப் படிவத்தில் அதைத்தான் எழுதச் சொல்வார்கள். மற்றதெல்லாம் போனில் தட்டச்சு.

பிறமொழிகளிலிருந்து வந்து கதகானாவில் எழுதப்படும் சொற்களில் மட்டும் உஷார். ‘மன்ஷொன்’ என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு. ‘குரேமு’ என்றால் வாடிக்கையாளர் புகார். ‘பாஇகிங்கு’ என்றால் வேண்டியதை எடுத்துச் சாப்பிடும் பஃபே. ‘பான்’ என்றால் ரொட்டி, போர்த்துகீசியர் விட்டுப்போனது, இலங்கையில் பாண் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

உம் கொட்டத் தெரிய வேண்டும்

முதல் தொலைபேசி உரையாடலில் நான் ரொம்ப மரியாதையாக, குறுக்கிடாமல், மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் பாதியில் நிறுத்தி “மொஷிமொஷி? கிகொஎமாஸ் கா?”, கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றேன். மறுபடி மௌனம். மறுபடி மொஷிமொஷி. மூன்றாவது முறை லைன் சரியில்லை போல என்று வைத்தே விட்டார்.

பாட்டி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் இல்லையா, அதேதான். ஜப்பானில் பெரியவர்களும் ஆபீஸிலும் எல்லா நேரமும் உம் கொட்டுகிறார்கள். அதற்கு ‘அஇஸுச்சி’ என்று பெயர், பட்டறையில் இரண்டு கொல்லர்கள் மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். ‘ஹாய்’, ‘எஎ’, ‘நருஹொதொ’, ‘ஸோ நன் தெஸ் கா’, கொஞ்சம் ஆச்சரியத்துக்கு நீட்டி ‘ஹெஎஎ’. இவற்றை எங்கே போடுவது என்பதைப் பாடநூல் சொல்லித் தராது. இரண்டு பேர் பேசும் வானொலி நிகழ்ச்சியையோ நேர்காணலையோ மூன்று நிமிஷம் எடுத்து, பேசுபவரை விட்டுவிட்டு உம் கொட்டுபவரை மட்டும் பத்து முறை பின்தொடர்ந்து சொல்லுங்கள். வேறு எந்தப் பயிற்சியைவிடவும் இது என் பேச்சைச் சீக்கிரம் மாற்றியது. ஒரு எச்சரிக்கை, அந்த ‘ஹாய்’க்கு ‘சரி’ என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் அர்த்தம். அரை மணி நேரம் ஹாய் ஹாய் என்று தலையாட்டிய வாடிக்கையாளர் கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, யோசிக்கும் நேரத்தை ஜப்பானிய மொழியிலேயே ஓட்ட வேண்டும். சொல் வராதபோது நாம் ‘ஆங்… வந்து…’ என்போம், அந்த இடத்தில் ‘எஎதோ’, ‘அனோ’, யாராவது கருத்துக் கேட்டால் ‘ஸோ தெஸ் நே…’ என்று இழுங்கள். வேகம் அதேதான், ஆனால் கேட்பவர் காத்திருப்பார்.

மூன்றாவது, புரியாதபோது ‘மோ இச்சிதோ ஒனெகாஇ ஷிமாஸ்’, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், அவர் அரைகுறை ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லிப் புரியாத சொல்லை மட்டும் பிடியுங்கள்: ‘… த்தே நன் தெஸ் கா?’, அப்படின்னா என்ன? மீதி புரிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அந்த ஒரு சொல்லை மட்டும் விளக்குவார். சரளமானவர்களுக்கு எல்லாச் சொல்லும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத சொல் வரும்போது பேச்சை நிற்க விடாமல் நகர்த்துகிற இந்தச் சாமர்த்தியம்தான் அவர்களிடம் அதிகம்.

சார் வெளியே போயிருக்கார்

மரியாதை மொழியை, கெய்கோவை, நினைத்து எல்லோரும் பயப்படுவார்கள். நீ, நீங்கள், வா, வாங்க, வாருங்கள் என்று வளர்ந்த நமக்கு அதில் பாதி பழக்கம்தான். தன்னைத் தாழ்த்திப் பேசும் வினைகள்கூட ‘அடியேன்’ பரம்பரைக்குப் புதிதில்லை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில்.

ஆபீஸில் போன் அடித்தது, வெளி நிறுவனத்திலிருந்து. என் மேலாளர் பெயர் தனகா என்று வைத்துக்கொள்வோம். நான் பயபக்தியோடு, தனகா-ஸான், அதாவது தனகா சார், எழுந்தருளவில்லை என்கிற அளவுக்கு உயர்த்தி “இரஷ்ஷாஇமஸென்” என்றேன். பக்கத்து மேஜை அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நம் ஊரில் யார் கேட்டாலும் ‘சார் வெளியே போயிருக்கார்’தான். அங்கே வெளியாரிடம் பேசும்போது உங்கள் மேலாளரும் உங்கள் வீட்டு ஆள், அவரையும் சேர்த்துத் தாழ்த்த வேண்டும், ‘ஸான்’கூட ஒட்டக் கூடாது: ‘தனகா வா ததாஇமா ஸெகி ஓ ஹஸுஷிதே ஒரிமாஸ்’, தனகா இப்போது இருக்கையில் இல்லை. இதற்கு விதியை மனப்பாடம் செய்வதைவிடப் போன் பக்கத்தில் ஒட்டிவைக்கும் ஆறு வாக்கியம் மேல். எனக்கு ஆறே போதுமாக இருந்தது, ஏழாவது தேவைப்பட்டதாக நினைவில்லை. ‘அனதா’, அதாவது ‘நீங்கள்’ என்ற சொல்லையும் மறந்துவிடுங்கள், எதிரில் இருப்பவரைப் பெயரோடு ‘ஸான்’ சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம் சொல்லாமல் சொல்வது. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் ‘தாஇஜோபு தெஸ்’, ‘பரவாயில்லை’ என்றால் வேண்டாம். வார இறுதியில் வருகிறீர்களா என்று கேட்டதற்கு ‘சொத்தோ…’, ‘கொஞ்சம்…’ என்று இழுத்து நிறுத்தினால் வரவில்லை. மீட்டிங்கில் ‘கென்தோ ஷிமாஸ்’, ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. கல்யாணத்துக்குக் கடன் கேட்டபோது மாமா ‘பாக்கலாம்’ என்று சொன்னதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாட்டிக்கொள்ளும் குழிகள்

அனிமே பார்த்துக் கற்றுக்கொண்ட ‘ஒரே’, ‘ஒமாஎ’ என்ற முரட்டு ‘நான்’, ‘நீ’யை ஆபீஸுக்குக் கொண்டுவராதீர்கள், ‘டேய்’ என்று கூப்பிட்ட மாதிரி இருக்கும். பார்ப்பது நல்லதுதான், காதுக்குத் தீனி, வாய்க்கு வேண்டாம்.

டோக்கியோவுக்கு வந்து நிஷிகசாயில் வீடு எடுத்தால் இந்தியக் கடை, இந்தியச் சாப்பாடு, இந்திய நண்பர்கள், ஐடி வேலையில் ஆங்கிலம், ஐந்து வருஷம் கழித்தும் ‘அரிகதோ’வில், வெறும் நன்றியில், நிற்கலாம். நாட்டில் இருப்பதால் மட்டும் மொழி ஒட்டாது. வார்டு அலுவலகங்களும் சர்வதேசச் சங்கங்களும் நடத்தும் தன்னார்வலர் வகுப்புகள் அநேகமாக இலவசம் அல்லது சொற்பக் கட்டணம், ஓய்வுபெற்ற தாத்தா பாட்டிகள் சொல்லித் தருவார்கள். இலக்கணம் விளக்கச் சொன்னால் திணறுவார்கள், ஆனால் ஒன்றரை மணி நேரம் உங்களோடு பேச ஒரு மனிதர் கிடைப்பார். ஊரில் இருந்தே படிப்பவர்கள் வாரம் இரண்டு முறையாவது ஆன்லைனில் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், முதல் மாதத்திலிருந்தே. என்3 வரட்டும், அப்புறம் பேசலாம் என்று தள்ளிப்போட்டால் என்3 வந்ததும் என்2 வரட்டும் என்று தோன்றும்.

ஒரு வாக்கியம் பேசியதும் ‘நிஹோங்கோ ஜோஸு தெஸ் நே’, உங்கள் ஜப்பானியம் பிரமாதம் என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அந்தப் பாராட்டு நின்றுபோய், ஜப்பானில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி.

ஒரு சோதனை

தேர்வு மதிப்பெண்ணை விட நான் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது பார்சல் வந்தால் தபால் பெட்டியில் ‘ஃபுஸாஇஹ்யோ’ என்ற சீட்டு கிடக்கும். அதில் இணையத்தில் பதிவு செய்ய ஒரு வழியும், அநேகமாக ஓட்டுநரின் போன் எண்ணும் இருக்கும். இணையத்தை விட்டுவிட்டு ஓட்டுநரைக் கூப்பிடுங்கள். முகம் தெரியாது, சைகை கிடையாது, பின்னால் லாரி சத்தம், அவர் அவசரத்தில் இருப்பார், உங்களுக்காக மெதுவாகப் பேச அவருக்கு நேரம் இல்லை.

முன்கூட்டியே தயார் செய்யலாம். ‘ஸாஇஹாஇதத்ஸு ஒனெகாஇ ஷிமாஸ்’, மறுபடி கொண்டுவந்து தாருங்கள். பெயரை எழுத்து எழுத்தாக, நிதானமாகச் சொல்லுங்கள், நம் பெயர்கள் அவர்கள் காதில் ஒருபோதும் முதல் தடவையில் விழாது. சீட்டு எண்ணைப் படிக்கும்போது ஏழுக்கு ‘ஷிச்சி’ வேண்டாம், போனில் ஒன்றான ‘இச்சி’ மாதிரி கேட்கும், ‘நனா’ என்று சொல்லுங்கள். நான்குக்கு ‘யொன்’. எத்தனை மணிக்கு வேண்டும் என்று ஒரு நேரம் சொல்லுங்கள். இதுவரை எல்லாம் ஒப்பிக்கலாம்.

அப்புறம் அவர் ஒன்று கேட்பார், அது உங்கள் தாளில் இருக்காது. என்னிடம் கேட்டது “இமா கரா தெமோ இஇ தெஸ் கா?”, இப்போதே வரட்டுமா, பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன். நீங்கள் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு பேசுகிறீர்கள், பத்து நிமிஷம் வேண்டும். அதை எப்படிச் சொல்வீர்கள் என்று, முதலில் அந்த ‘எஎதோ’வில் தொடங்கி, இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.